இறகு உதிர்ந்த கோழியும் இல்லறத்தார் விரதமும்

 

கொல்லாமை நமக்குப் புதிதன்று. நம் வீட்டுக் குழந்தைகள் நடை பழகும்போதே, எறும்பை மிதியாதே என்னும் சொல்லைக் கேட்டு வளர்கின்றன. நீரை வடிகட்டிப் பருகுகிறோம். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கிறோம். கிழங்கையும் தேனையும் விலக்குகிறோம். இவ்வளவும் செய்தபின், எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யவில்லை என்னும் நிறைவு உள்ளத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. அந்த நிறைவு மாற்றுக் குறையாத பொன்தானா என்று உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். அதற்காகப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையில், காயம்பட்டு, இறகு உதிர்ந்து, சுவரோரம் ஒடுங்கி நிற்கும் ஒரு நாட்டுக்கோழியே போதும்.

உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், இல்லறத்தார் மேற்கொள்ளும் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து வழுக்களைத் தொகுத்து வைத்துள்ளார். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்காத சுமை ஏற்றுதல், ஊணும் நீரும் தடுத்தல் என்பன அவை. ஐந்தாவதனை வடமொழியில் அன்னபான நிரோதம் என்பர். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும் இவ்வைந்தையே வேறு சொற்களால் கூறுகின்றது. அந்நூலின் வழிவந்த தமிழ் நூலான அருங்கலச்செப்பை நம்மில் பலர் இளமையிலேயே பாடமாகக் கேட்டிருப்போம்.

இந்த ஐந்தில் கொலை இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொலை செய்தால் விரதமே முறிந்துபோகும். இவையோ, விரதம் உடையாமலே அதில் விழும் விரிசல்கள். முதல் நான்கையும் செய்யக் கை ஓங்க வேண்டும். கயிறோ கோலோ கத்தியோ வேண்டும். ஐந்தாவதற்கு ஒன்றுமே வேண்டாம். சும்மா இருந்தால் போதும். பார்த்தும் பாராமல் கடந்து சென்றால் போதும். நம்மைச் சார்ந்து வாழும் ஓர் உயிர் இரையின்றி நிற்க, நாம் நம் நோன்புணவை முறைப்படி உண்டு எழுந்தால், அந்த வழு நம்மைச் சேர்ந்துவிடுகிறது. கத்தியைத் தொட்டறியாத கைகளுக்கும் நேரக்கூடிய குற்றம் இது. ஆகவேதான் நம்மவர் இதனிடத்தில் மிகவும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

இனிக் கோழிக்கு வருவோம். கோழிக்கு இறகு உதிர்வது பல காரணங்களால் நேரும். ஆண்டுக்கு ஒருமுறை பழைய இறகு உதிர்ந்து புதிய இறகு முளைப்பது இயல்பு. அதற்கு இரண்டு மூன்று திங்கள் செல்லும். நாயோ கீரியோ பற்றி இழுப்பதால் கொத்தாகப் பறிபோவதும் உண்டு. சேவலின் மிதியால் முதுகு வெறுமையாவதும், மற்றக் கோழிகள் கொத்திக் கொத்தி வாலடி புண்ணாவதும் உண்டு. காயத்தில் இரத்தச் சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் அவ்விடத்தையே மீண்டும் மீண்டும் கொத்தும். அடிபட்ட கோழி தீனித் தட்டின் அருகே வரவே அஞ்சும். தட்டு நிறைய இரை இருக்கும். அது மட்டும் பசித்திருக்கும். வீட்டுக்காரர், தீனி போட்டுவிட்டோமே என்று உள்ளே செல்வார். போட்ட தீனி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று நின்று பார்ப்பதுதான் விரதம் காப்பார் கடமை.

இதில் இன்னும் ஒரு கொடுமை உண்டு. இறகு உதிர்ந்த கோழி முட்டையிடுவதில்லை. அஃது அதன் சோம்பலன்று. இறகின் உலர்ந்த எடையில் 100க்கு ஏறத்தாழ 90 பங்கு புரதம். நம் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதமே அது. நாட்டுக்கோழி முட்டை ஒன்றில் ஏறத்தாழ 5 கிராம் புரதம் இருக்கும். உண்ணும் இரையிலிருந்து கிடைக்கும் புரதத்தை இறகுக்குச் செலவிடும்போது முட்டைக்குச் செலவிட இயலாது. உடல் தானே அந்தக் கதவை அடைத்துக்கொள்கிறது. ஆகவே, மிகுதியாக உணவு வேண்டிய நேரமே, அதனால் வீட்டாருக்கு ஒரு பயனும் இல்லாத நேரமாகவும் அமைகிறது. பயன் இல்லாத உயிருக்கு உணவு எதற்கு என்னும் கேள்வி அப்போதுதான் எழும்.

எங்கள் புதுக்கோட்டை தூத்துக்குடிக்கு மேற்கே, திருநெல்வேலிச் சாலையில் உள்ளது. இங்கே கொல்லையில் நாலைந்து கோழி வளர்க்காத வீடு குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் அண்டை வீட்டுக் கோழி ஒன்றைத் தெருநாய் கவ்வி விட்டது. முதுகிலும் ஒரு பக்கச் சிறகிலும் இறகில்லை, தோல் கிழிந்திருந்தது. அவ்வீட்டுப் பெண் நல்லவர். ஏழைமையால் கணக்குப் பார்ப்பவர். "இது இனி எங்க தேறப் போவுது டீச்சர்? ஞாயித்துக்கிழமை குழம்பு வச்சிர வேண்டியதுதான்" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதும், "முட்ட வைக்காத கோழிக்கு யாரு தீனி போடுவா? உங்களுக்கு மனசிருந்தா நீங்களே வச்சுக்கிடுங்க" என்று கொடுத்துவிட்டார். அவர் கேள்வியில் பொய் இல்லை. உலகம் கேட்கும் கேள்வியைத்தான் அவர் கேட்டார். அதற்குச் சொல்லால் விடை கூற முடியாது. தீனியால்தான் கூற முடியும்.

இவ்விடத்தில் நம்மவரிடையே ஓர் ஐயம் எழும். கோழி புழு பூச்சிகளைத் தின்னும் உயிராயிற்றே. அதனை ஒரு சிராவகர் வளர்க்கலாமா? உயிர்க்கொலை செய்யும் விலங்குகளையும் பறவைகளையும் வளர்த்தலை நம் ஆசார நூல்கள் கடிந்துள்ளனவே? ஐயம் நியாயமானது. ஆனால், ஊதியங் கருதியும் விளையாட்டுக் கருதியும் வளர்த்தல் வேறு. அடிபட்டு வாயிலில் வந்து நிற்கும் உயிருக்கு அடைக்கலம் தருதல் வேறு. துன்புறும் உயிர்களிடத்துக் கருணை கொள்ளுதல், நட்பு, உவகை, நடுநிலை ஆகியவற்றோடு சேர்த்து நாம் நாள்தோறும் பாவிக்க வேண்டிய நான்கு பாவனைகளுள் ஒன்றன்றோ? அந்தக் கருணைக்கு, இன்ன உயிர்தான் தகுதியுடையது என்று எல்லை வகுக்கப்படவில்லை.

இதற்கு நம் சமயத்தார் நடத்திக் காட்டிய வழி ஒன்று உண்டு. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக்கின் தலைப்பில், திகம்பர சமணக் கோயிலான லால் மந்திரின் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு தரும மருத்துவமனை இயங்கி வருகிறது. 1929இல் தொடங்கப்பெற்ற அந்த நிலையம், 1957 முதல் இப்போதுள்ள கட்டடத்தில் இயங்குகிறது. பட்டம் விடும் மாஞ்சா நூலில் சிறகு அறுந்த புறாக்களும் கிளிகளும் அங்கே கொண்டுவரப்படுகின்றன. தானியமும் பழமும் உண்ணும் பறவைகளை உள்ளே வைத்துப் பேணுகிறார்கள். பருந்து, கழுகு போன்ற ஊனுண்ணும் பறவைகளுக்குப் புறநோயாளியாக மருந்திட்டு அனுப்புகிறார்கள். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். ஊனுண்ணி என்பதற்காகப் பருந்துக்கு மருந்தை மறுக்கவில்லை. பருந்துக்கு இரங்கியதற்காக மருத்துவமனைக்குள் ஊனைக் கொண்டுவரவும் இல்லை. கருணையும் கொள்கையும் ஒன்றையொன்று தள்ளாமல் நிற்க இடம் கண்டிருக்கிறார்கள்.

கோழியின் நிலை பருந்தைவிட நமக்கு எளிது. அது தானியமும் தழையும் தின்னும், புழுவும் தின்னும். முழுவதும் தாவர உணவிலேயே அதனை நன்கு பேண முடியும். எனினும் எப்படியாவது ஏதாவது போட்டால் போதும் என்று இருந்துவிடலாகாது. இங்கேதான் நம் அறிவுக்குச் சோதனை வருகிறது.

தூத்துக்குடிக் கரையில், இறகு உதிர்ந்த கோழிக்கு என்ன கொடுக்கலாம் என்று யாரைக் கேட்டாலும், "கருவாட்டுத் தூள் போடுங்கள்" என்பதே முதல் விடையாக வரும். இரண்டாவது விடை, "ஒரு முட்டையை அவித்து நொறுக்கிப் போடுங்கள்" என்பது. மூன்றாவது, பானையில் சாணமும் ஓலையும் கந்தல் சாக்கும் இட்டுக் கரையான் புற்றருகே கவிழ்த்து வைத்து, விடிந்ததும் அதில் ஏறியிருக்கும் கரையானைக் கொட்டுவது. இம்மூன்றும் மூடத்தனமல்ல, மூன்றும் புரதம். ஆயினும் ஓர் உயிரின் இறகுக்காக ஆயிரம் உயிரை வாங்கிக் கொடுப்பது நமக்கு ஒவ்வாது. கருவாட்டில் உப்பு மிகுதி, அது கோழிக்கு ஆகாது என்று சிலர் சமாதானம் கூறுவர். அது மெய்யே. ஆனால் உப்பிடாத மீன் தூளும் கடையில் கிடைக்கிறது. ஆகவே நம் மறுப்பு உப்பை நம்பி நிற்கலாகாது. கொல்லாமையை நம்பியே நிற்க வேண்டும்.

மறுத்தாயிற்று, அத்துடன் நம் கடமை முடிந்ததா? முடியவில்லை. கருவாட்டை விலக்கிவிட்டு வெறும் அரிசிக் குருணையை மட்டும் இறைத்தால், கோழியின் வயிறு நிரம்பும், இறகு முளைக்காது, புண் ஆறாது. அரிசியில் புரதம் 100க்கு 7, 8 பங்கே. நம் தூய்மைக்கான விலையைக் கோழி தன் உடம்பால் கொடுப்பதாக முடியும். தட்டு நிறைய இரை இருந்தும், தேவையான சத்து தடுக்கப்பட்டால் அதுவும் அன்னபான நிரோதமே. நோன்பு நம்முடையது, அதன் பாரம் நம்முடையதாகவே இருக்க வேண்டும். ஒரு பொருளை விலக்குகிறவர், அதன் இடத்தை நிரப்பும் பொருளைத் தேடிக் கண்டுபிடித்துத் தரவும் கடமைப்பட்டவர்.

அத்தகைய பொருள்கள் நம் அடுக்களையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் செக்கடியிலும் உள்ளன. எள்ளுப்பிண்ணாக்கு அவற்றுள் தலையாயது. இறகின் புரதத்துக்குக் கந்தகம் கலந்த சத்து வேண்டும். இறகு தீயில் பட்டால் எழும் நாற்றமே அதற்குச் சான்று. மெத்தியோனின் எனப்படும் அச்சத்து எள்ளில் மிகுதி. லைசின் என்னும் மற்றொரு சத்து எள்ளில் குறைவு. சோயா மொச்சையிலோ லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. சோயாவைப் பச்சையாகக் கொடுத்தல் கூடாது. புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் அதில் உண்டு. நன்றாக வறுத்தாலோ வேகவைத்தாலோ அது நீங்கும்.

எடை அளவில் 5 பங்கு உடைத்த கம்பு, 2 பங்கு வறுத்து உடைத்த சோயா, ஒன்றரைப் பங்கு எள்ளுப்பிண்ணாக்கு, 1 பங்கு தவிடு, அரைப் பங்கு நிழலில் உலர்த்திய முருங்கையிலைத் தூள் என்று கலந்தால், 100க்கு 20 பங்கு அளவில் புரதம் கிட்டும். முட்டையிடும் கோழிக்கு வழக்கமாகத் தேவைப்படுவது 16 பங்கு. இறகு முளைக்கும் காலத்தில் 18 முதல் 20 வரை நல்லது. இக்கலவையைச் சிறிது மோர் விட்டுப் பிசைந்து கொடுத்தால் நோயுற்ற கோழியும் விரும்பித் தின்னும். தாவரப் பொருளில் கிடைக்காத பி12 என்னும் உயிர்ச்சத்து மோரிலிருந்து ஓரளவு சேரும். ஒரு நாட்டுக்கோழிக்கு நாளொன்றுக்கு 80 முதல் 100 கிராம் வரை போதும். அதனையும் ஒரே தடவையில் கொட்டாமல் நான்கு வேளையாகக் கொடுக்க வேண்டும். பிசைந்த தீனியில் மிஞ்சியதை அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். விட்டு வைத்தால் புளிக்கும், எறும்பு மொய்க்கும், ஓர் உயிரைப் பேணப் போய்ப் பல உயிர்க்குத் துன்பம் விளைத்தவராவோம்.

சுண்ணாம்புச் சத்துக்கு இக்கரையில் சிப்பி ஓட்டைப் பொடித்துப் போடுவது வழக்கம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் சிப்பிகளைக் குவியல் குவியலாகக் கரையில் கொட்டி, அழுகவிட்டு, அலசி முத்தெடுத்தார்கள். 1961க்குப் பின் அத்தகைய முத்துக்குளிப்பு இங்கே நடைபெறவில்லை. முத்து தரும் மட்டும் சிப்பிக்கு மதிப்பு. முட்டை தரும் மட்டும் கோழிக்கு மதிப்பு. இரண்டும் ஒரே கணக்கு. அந்தக் கணக்கிலிருந்து விலக எண்ணுவோர்க்குச் சுண்ணாம்புக்கல் பொடியே போதுமானது. கால்நடைத் தீனிக் கடைகளில் அது கிடைக்கும். முட்டையிடாத காலத்தில் அதுவும் சிறிதளவே தேவை.

இன்னும் ஒன்று. வண்டு விழுந்த தானியத்தையும் பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கையும், மனிதர்க்கு ஆகாது, கோழிக்காவது போடலாம் என்று ஒதுக்கி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. வண்டு விழுந்ததை இரையாக இடுவது, அவ்வண்டுகளை நாமே அலகில் கொண்டுபோய் வைப்பதாகும். பூஞ்சணமோ நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, அவற்றுக்கு இட்ட கடலைப்பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் என்று புலனாயிற்று. அஃபிளாடாக்சின் என்று இன்று மருத்துவ உலகம் அஞ்சும் நஞ்சு அவ்வாறுதான் வெளிப்பட்டது. அந்தப் பறவைகளுக்குத் தீனி இட்டவர்கள் கொல்ல நினைத்து இட்டவர்களல்லர். அறியாமையால் இட்ட அன்னமும் உயிரைப் போக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. நற்காட்சியோடும் நல்லொழுக்கத்தோடும் நன்ஞானத்தையும் சேர்த்து மும்மணி என்று நம் முன்னோர் வைத்தது எவ்வளவு பொருத்தம்!

உணவைவிட முந்தியது நீர். அடிபட்ட கோழி முதல் நாள் இரையைத் தொடாது; நீரை மட்டும் நாடும். எட்டும் உயரத்தில் அகலமான மண் சட்டியில், வடிகட்டிய தூய நீரை நிழலில் வைக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் நண்பகலுக்குள் நீர் சுடும். இருமுறை மாற்றுதல் நலம். கழுத்தின் அடியில் உள்ள தீனிப்பையை மாலையில் மெல்லத் தொட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். அது நிரம்பியிருந்தால் கோழி உண்டிருக்கிறது. தளர்ந்து கிடந்தால் தட்டு காலியானாலும் அது உண்ணவில்லை. காலையில் அப்பை வெறுமையாக இருத்தல் வேண்டும். இல்லையேல் செரிமானம் கெட்டுள்ளது என்று பொருள்.

கோழி மாலை மயங்கியதும் அடைந்துவிடும். இருளில் அதற்குப் பார்வை போதாது, இரை தேடாது. நாம் நோன்பாக மேற்கொள்ளும் இராவுண்ணாமையை அது பிறவி இயல்பாகவே கொண்டிருக்கிறது. ஆதலால், வேலையெல்லாம் முடித்துவிட்டு விளக்கேற்றிய பின் தீனி எடுத்துச் செல்வது அதற்கு உணவாகாது. கதிரவன் இருக்கும்போதே, நம் மாலை உணவுக்கு முன்பே, அதன் உணவு முடிந்திருக்க வேண்டும். சார்ந்த உயிர்களை ஊட்டிய பின்னரே தான் உண்ணுதல் இல்லறத்தார்க்கு அழகு. அந்த ஒழுங்கைக் கோழி நமக்குக் கடிகாரம் போல நினைவூட்டுகிறது.

காயத்தைப் பற்றியும் சில சொல்வது கடமை. காய்ச்சி ஆறிய நீரில் சிறிது உப்பிட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெயில் குழைத்த மஞ்சளும் வேப்பிலையும் பூசலாம். ஈ மொய்க்காமல் வலை கட்டுவது மிக இன்றியமையாதது. புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால், கோழியைக் காப்பதா, புழுவைக் காப்பதா என்னும் தீராத தருமசங்கடத்தில் நாம் விழுவோம்; முன்கூட்டியே வலை கட்டுபவர்க்கு அச்சங்கடமே இல்லை. அறத்தின் பெரும்பகுதி இத்தகைய முன்விழிப்பில்தான் இருக்கிறது. புதிதாக முளைக்கும் குருத்திறகுகளில் இரத்தம் ஓடும். அவற்றைத் தொட்டு அழுத்தலாகாது. வேரோடு பறிபோன இறகின் குழியில் விரைவில் புது இறகு முளைக்கத் தொடங்கும். பாதியில் முறிந்தது, அடுத்த இறகுதிர்ப்புக் காலம் வரை அப்படியே நிற்கும். முறிந்ததைப் பிடுங்கி எடுப்போம் என்று துணிய வேண்டா. புண் ஆழமானால் காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்தார்க்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

குணமாகும் வரை மற்றக் கோழிகள் கொத்தாதபடி பஞ்சாரத்தில் தனியே வைக்கத்தான் வேண்டும். அது கட்டி வைத்தல் என்னும் முதல் வழுவாகாதா? அதன் நலத்துக்காக, அதற்கு வேண்டிய நாள் மட்டும் வைத்தால் ஆகாது. மற்றக் கோழிகளைக் காணும்படி வைத்தால் தனிமைத் துயரும் குறையும். புண் ஆறி இறகு மூடிய பின்னும் நம் வசதிக்காக அடைத்து வைத்தால் அது பந்தமே. திறந்துவிட்டால் மண்ணைக் கிளறிப் புழுவைக் கொத்துமே என்பீர்கள். கொத்தும், அஃது அதன் வினை, அதன் இயல்பு. நாம் பிடித்துக் கொடுக்கவில்லை, ஏவவும் இல்லை. வயிறார உண்ட கோழி, கிளறுவதும் சற்றுக் குறையும். எங்கள் கொல்லையில் ஏறத்தாழ எட்டு வாரத்தில் அந்தக் கோழிக்கு இறகு மூடியது. திறந்து விட்டதும் பழைய வீட்டுக்கும் போயிற்று. மாலையில் இங்கே வந்து அடைந்தது. அண்டை வீட்டார் அதனைத் திரும்பக் கேட்கவில்லை. நலமாக்கிக் கத்திக்கு அனுப்புவது கொழுக்க வைத்ததாகுமே தவிர, காத்ததாகாது. ஆகவே அடைக்கலம் தருமுன்பே, அதன் வாழ்நாள் முழுவதும் ஊட்டும் மனம் நமக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு கோழிக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர் யசோதர காவியத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய அந்நூலின் முடிச்சே ஒரு கோழிதான்; அதுவும் உயிரில்லாத மாக்கோழி. தீய கனவு கண்டதாகக் கூறிய யசோதர மன்னன், உயிர்ப்பலிக்கு இசையாமல், தாய் சந்திரமதியின் சொல்லுக்காக மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். குருதி சிந்தவில்லை; ஆயினும் பலியிடும் எண்ணம் இருந்தது. அந்த எண்ணம் தாயையும் மகனையும் விலங்குப் பிறவிகளில் அலைக்கழித்தது. இறுதியில் இருவரும் கோழிகளாகவே பிறந்தனர். அப்பிறவியில் அறவுரை கேட்டு, விரதம் ஏற்று, அம்புபட்டு இறந்து, அபயருசி, அபயமதி என்னும் மனிதப் பிறவி எய்தினர். மாக்கோழியைக் கொல்ல எண்ணியதற்கே அவ்வளவு வினை என்றால், உயிருள்ள கோழிக்கு அன்போடு ஒரு பிடி தீனி இடும் எண்ணத்துக்கு நல்வினை எவ்வளவு! மேலும், ஐம்பொறியும் மனமும் உடைய அவ்வுயிர் அறம் கேட்கவும் விரதம் ஏற்கவும் வல்லது என்பதை அக்கதை காட்டுகிறது. சுவரோரம் ஒடுங்கி நிற்கும் அதனை, முட்டையின் கணக்கில் மட்டும் அளப்பது எவ்வாறு?

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்று நம் நெறி நால்வகைத் தானங்களைக் கூறும். காயம்பட்ட ஒரு கோழியைப் பேணுவதில் இவை நான்கும் அடங்கியுள்ளன. இரை இடுவது ஆகார தானம். புண்ணுக்கு மருந்திடுவது ஔஷத தானம். பஞ்சாரத்தில் காத்து, கத்திக்கு அனுப்பாதிருப்பது அபய தானம். எள்ளும் சோயாவும் எவ்வாறு ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன, பூஞ்சணம் ஏன் ஆகாது என்று அண்டை அயலாரின் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது சாத்திர தானம். கோவில்பட்டிக்கு அருகில் உள்ள கழுகுமலையில், 8, 9ஆம் நூற்றாண்டுகளில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகப் பாறையில் செதுக்கப்பெற்றன. அங்குள்ள கல்வெட்டுகளில் குரத்தியர் என்னும் பெண்ணாசிரியர்களின் பெயர்கள் இன்றும் படிக்கும்படி உள்ளன. அறம் சொல்லிக் கொடுக்கும் பணி இந்த மண்ணுக்கும் பெண்களுக்கும் பழையது. சமணர் இல்லங்கள் மிகக் குறைந்துவிட்ட இப்பகுதியில், நம் நெறி இன்னதென்று அயலார் அறிவது நூல்களால் அன்று. நம் கொல்லையில் எவ்வுயிர் எப்படி நடத்தப்படுகிறது என்பதால்தான்.

ஆகவே சிராவக சிராவகியர்களே! இன்று மாலை உணவுக்கு அமருமுன் கொல்லைப்புறம் ஒருமுறை சென்று பாருங்கள். கோழியோ, பசுவோ, வாயிலில் படுத்திருக்கும் நாயோ, சாளரத்தில் வந்து அமரும் காக்கையோ, உங்களைச் சார்ந்து நிற்கும் உயிர் உண்டதா என்று பாருங்கள். பயன் தராத நாளிலும் அதற்கு ஊணும் நீரும் தடையின்றிக் கிடைக்குமானால், நாம் ஏற்ற அணுவிரதம் விரிசலின்றி நிற்கிறது என்று நம்பலாம்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! ஜின அறம் தழைக்க!